தண்ணீர் இல்லை என்று சொன்ன குற்றம்

புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் உதவிப் பதிவாளர்களுக்கு,

‘பல்கலைக்கழக நிர்வாகத்தில் தலைமைத்துவம்’ பற்றி உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். தலைமைத்துவம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. அதைப்பற்றி மணிக்கணக்காகப் பேசக்கூடிய பலருக்குக் கீழே வேலை செய்தவள் நான். அவர்களில் பாதிப்பேருடைய கவலையெல்லாம் மேடையில் யாருக்கு எந்தக் கதிரை என்பதுதான். கோப்பு எழுதுவதும் சுற்றறிக்கை வாசிப்பதும் உங்களுக்கு ஓரிரு மாதத்தில் கைவந்துவிடும். அவற்றை விடுவோம். நான் பதிவாளராக இருந்தபோது நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஓய்வு பெற்ற பிறகும் அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

எங்கள் பல்கலைக்கழகம் நெடுங்கேணிப் பக்கம், காட்டோரத்தில் இருந்தது. கட்டடங்கள் புதியவை, வீதி கிறவல் மண், நிலத்தடி நீரோ வாயில் வைக்க முடியாத சவர். மாணவிகள் விடுதிக்குப் பவுசர் லொறியில்தான் தண்ணீர் வரும். மழைக்காலத்தில் எப்படியோ சமாளிப்பார்கள். சோழகம், அந்த வறண்ட காற்று, வீசத் தொடங்கினால் பவுசர் ஒருநாள் வராவிட்டாலும் விடுதி நாறிப்போகும்.

அந்த வருடம் சோழகத்தோடு சேர்ந்து தர மதிப்பீடும் வந்தது. வெளியிலிருந்து மூன்று மூத்த பேராசிரியர்கள் வந்து தங்கி, எங்கள் பல்கலைக்கழகம் எப்படி நடக்கிறது என்று பார்த்து மதிப்பெண் போடுவார்கள். வீட்டுக்குப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் நம் சனங்கள் என்ன செய்வார்களோ அதையெல்லாம் நாங்களும் செய்தோம். வவுனியாவில் இருந்து பூச்சாடிகள் வாடகைக்கு வந்தன. நிர்வாகக் கட்டடத்தின் முன்னால் புல் பதித்தார்கள். கழிவறைகளைத் தேய்த்துக் கழுவி, மதிப்பீட்டாளர்கள் வரும்வரை ஒருவரும் போகக்கூடாது என்று பூட்டும் போட்டார்கள். சிரிக்காதீர்கள், உங்கள் இடத்திலும் இது நடக்கும்.

எல்லாவற்றிலும் பெரிய கூத்து ஒத்திகை. பல்கலைக்கழகத்தின் பணிக்கூற்று, அதாவது நாங்கள் எதற்காக இருக்கிறோம் என்று சொல்லும் வாசகம், வாசல் சுவரில் பித்தளை எழுத்தில் இருந்தது. சமூகத்துக்குச் சேவை செய்யும் பட்டதாரிகளை உருவாக்குவது என்று அதன் நடுவில் ஒரு வரி. மதிப்பீட்டாளர்கள் கேட்டால் சொல்லவேண்டும் என்று மாணவர்களை மண்டபத்தில் வரிசையாக நிறுத்தி, அதை ஆங்கிலத்தில் பாடமாக்க வைத்தார்கள். பிழை விட்டவர்களை மறுபடி சொல்லவைத்தார்கள். நேர்சரிப் பிள்ளைகளைக்கூட இப்படி வதைப்பதில்லை.

புதுப் புல் வெயிலில் கருகத் தொடங்கியதும் துணைவேந்தர் பவுசரை முன்வாசலுக்குத் திருப்பினார். விடுதிக்குத் தண்ணீர் நின்றது. பிள்ளைகள் வாளிகளைத் தூக்கிக்கொண்டு காட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த குளத்துக்குப் போனார்கள். அது பின்னேரத்தில் யானை இறங்கும் குளம். பவுசரை உடனே விடுதிக்குத் திருப்பவேண்டும் என்று நான் எழுதி அனுப்பினேன், நேரிலும் போய்ச் சொன்னேன். “ரிவியூ முடியட்டும் மேடம், ஒரு கிழமைதானே” என்றார். குளிக்காமல் ஏழு நாள் இருந்து பாருங்கோ என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் சிரித்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தார்.

மதிப்பீட்டின்போது மாணவர்களைத் தனியாகச் சந்திப்பது வழக்கம். கதவைச் சாத்திவிடுவார்கள், ஆசிரியர் யாரும் உள்ளே இருக்கக்கூடாது, சொன்னது யார் என்று வெளியே போகாது என்று வாக்குக் கொடுப்பார்கள். முதலில் எழும்பிய பிள்ளைகள் பாடமாக்கியதை ஒப்புவித்திருக்கிறார்கள். பிறகு ஒரு மதிப்பீட்டாளர் இறுதியாண்டு மாணவி ஒருத்தியைப் பார்த்து, உங்கள் பல்கலைக்கழகத்தின் பணி என்ன என்று நீங்கள் நினைக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்.

அவள் பெயர் சுகந்தி. ஜெயபுரத்துப் பிள்ளை. மலையகத் தேயிலைத் தோட்டங்களில் கலவரத்தில் அடிவாங்கி ஓடிவந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்கு வந்த முதல் ஆள் அவள்.

“சேர், பாடமாக்கினதைச் சொல்லவோ, நடக்கிறதைச் சொல்லவோ?” என்று கேட்டிருக்கிறாள்.

நடப்பதைச் சொல்லுங்கள் என்றிருக்கிறார்கள். சொல்லிவிட்டாள். “சமூகத்துக்குச் சேவை செய்யிற ஆக்களை உருவாக்கிறம் எண்டு சுவரில கிடக்கு. எங்கட ஹொஸ்டலுக்குத் தண்ணி வரேல்லை. பவுசர் முன்னுக்குப் புல்லுக்கு ஊத்துது. நாங்கள் யானை இறங்கிற குளத்தில குளிச்சுப்போட்டு வந்து உங்களுக்கு முன்னால இருக்கிறம் சேர்.”

சாத்திய கதவுக்குள் சொன்னது பின்னேரத்துக்குள் துணைவேந்தரின் காதுக்கு வந்துவிட்டது. எப்படி வந்தது தெரியுமா? யன்னலுக்கு வெளியே ஒரு விரிவுரையாளரைக் காவல் வைத்திருந்தார்கள். படித்த மனிதர், கலாநிதிப் பட்டம் வேறு, பிள்ளைகள் பேசுவதை ஒட்டுக்கேட்டுக்கொண்டு வெயிலில் நின்றிருக்கிறார். எனக்கு அந்த ஆளை நினைக்கத்தான் இன்றைக்கும் கூசுகிறது.

மதிப்பீட்டாளர்கள் போன மறுநாள் துணைவேந்தர் என்னைக் கூப்பிட்டார்.

“பல்கலைக்கழகத்துக்கு அவப்பெயர் வரப் பண்ணினதுக்கு அந்தப் பிள்ளையை ஒரு வருசத்துக்கு நிப்பாட்டி லெற்றர் அடியுங்கோ மேடம்.”

“எந்தப் பிள்ளையை?”

“தெரியாத மாதிரிக் கேக்காதேங்கோ.”

“எனக்குத் தெரிஞ்சிருக்கக் கூடாதே சேர். உங்களுக்கும் தெரிஞ்சிருக்கக் கூடாது. கதவைச் சாத்திப்போட்டுத்தானே கேட்டவை?”

அவர் முகம் கறுத்தது. ஒரு மாணவியைத் தண்டிப்பதென்றால் எழுத்தில் முறைப்பாடு வேண்டும், விசாரணைக் குழு வேண்டும், அவளுடைய விளக்கத்தைக் கேட்கவேண்டும் என்று சொன்னேன். ஒட்டுக்கேட்டவர் முறைப்பாட்டில் கையெழுத்து வைப்பாரா என்றும் கேட்டேன். வைக்கமாட்டார் என்று இருவருக்கும் தெரியும்.

“அப்ப பேரவைக்குக் கொண்டு வாறன். பேரவை சொன்னால் பிறகு கதையில்லை” என்றார். எழும்பும்போது, “உங்கட சேவை நீடிப்பும் அந்தக் கூட்டத்திலதான் வருது, தெரியும்தானே?” என்று அன்பாகச் சொன்னார். ஓய்வுபெறும் வயது எனக்கு நெருங்கியிருந்தது. இன்னும் கொஞ்சக் காலம் வேலை செய்ய ஆசைப்பட்டுக் கேட்டிருந்தேன். அதைப் பிடித்துத்தான் ஆட்டிப்பார்த்தார். பயமாக இருந்தது. அந்தப் பயத்தைவிட, என்னை இவ்வளவு மலிவாக எடைபோட்டுவிட்டானே மனிதன் என்ற ஆத்திரம் கூடுதலாக இருந்தது.

பேரவைக் கூட்டத்துக்கு முதல்நாள் சுகந்தியின் தகப்பன் என் அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு பை நிறையக் கச்சான் கடலை, தோட்டத்தில் பிடுங்கியது. கதிரையைக் காட்டினேன், இருக்கமாட்டேன் என்றார்.

“அம்மா, புள்ளைக்கு வாய் கொஞ்சம் நீளங்க. வேணும்னா நான் பெரியவர் கால்ல விழுந்து கேட்டுக்கிறேன். படிப்ப மட்டும் நிப்பாட்டிறாதீங்கம்மா.”

“நீங்கள் ஒருத்தற்ற காலிலயும் விழத் தேவையில்லை ஐயா. முதல்ல இருங்கோ.”

கதிரை நுனியில் இருந்தார். பையை மேசைக் காலடியில் வைத்துவிட்டுக் கேட்டார். “அவ பொய் ஏதும் சொல்லிட்டாளாம்மா?”

“இல்லை.”

“அப்பறம் எதுக்கும்மா கூப்புடுறாங்க?”

நாளைக்கு நானும் அங்கே இருப்பேன் என்று மட்டும் சொன்னேன். அவள் ஒரு வருடம் வீட்டில் இருந்தால் திரும்பி வரமாட்டாள் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த வீட்டில் அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

பேரவை என்பது பல்கலைக்கழகத்தின் மேலான அதிகாரசபை. துணைவேந்தர் தலைமை தாங்குவார், பீடங்களின் தலைவர்களான பீடாதிபதிகள் இருப்பார்கள், வெளியிலிருந்து நியமிக்கப்பட்ட பிரமுகர்கள் இருப்பார்கள். பதிவாளர் அதன் செயலாளர். பேசுவதைக் குறிப்பெடுப்பதும், விதி என்ன என்று கேட்டால் சொல்வதும் அவர் வேலை. இது விசாரணைக்குரிய இடமில்லை, விதிப்படி வேறு வழி இருக்கிறது என்று தொடக்கத்திலேயே சொன்னேன். சொன்னதைக் குறித்தும் வைத்தேன். “கேட்டுப் பாப்பம், அவ்வளவுதான்” என்று துணைவேந்தர் தட்டிவிட்டார். பீடாதிபதிகள் எல்லாரும் தேநீரோடு வந்த ரோல்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுகந்தியின் சொந்தப் பீடாதிபதிக்கு அன்றைக்குப் பார்த்துக் கண்ணாடி துடைக்கும் வேலை வந்துவிட்டது.

சுகந்தியை அழைத்தார்கள். மேசைக் கோடியில் வந்து நின்றாள். அவள் வருவதற்கு முன்னமே ஒரு பிரமுகர், “இதுகளுக்கு இடம் குடுத்தா இப்பிடித்தான்” என்று சொல்லியிருந்தார். ‘இதுகள்’ என்றால் யார் என்று எல்லாருக்கும் விளங்கியது. வன்னியில் பிறந்து வளர்ந்த பிள்ளையை, தாத்தா தோட்டத்தில் கொழுந்து பறித்தார் என்பதற்காக இன்னும் ‘இதுகள்’ என்கிற மனிதர்கள்தான் சமூகத்துக்குச் சேவை பற்றிச் சுவரில் பித்தளை எழுத்து அடிக்கிறார்கள்.

ஒரு வருடம் நிறுத்துவது என்றதும் இரண்டு பேருக்கு மனம் கேட்கவில்லை. நல்ல மனிதர்கள்தான். “பாவம், இறுதியாண்டுப் பிள்ளை. ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதித் தரட்டும், விட்டிடுவம்” என்றார்கள். எல்லாருக்கும் நிம்மதி. நம் பல்கலைக்கழகங்களில் எந்தச் சண்டையும் கடைசியில் ஒரு மன்னிப்புக் கடிதத்தில்தான் முடியும். பலமில்லாதவர் எழுதுவார், பலமுள்ளவர் கோப்பில் போடுவார். தண்டனையைவிட இந்தக் கருணைதான் எனக்கு அதிகம் எரிச்சல் மூட்டியது. தண்டிக்கிறவனுக்காவது தான் அநியாயம் செய்வது உள்ளூரத் தெரியும். இவர்களுக்கு அதுவும் தெரியாது, பெரிய உபகாரம் செய்த திருப்தியோடு தேநீர் குடிப்பார்கள்.

சுகந்திக்குத் தாளும் பேனாவும் கொடுத்தார்கள். அவள் மேசையோரம் குனிந்து நின்றாள்.

“எழுதுறன் சேர். என்னெண்டு எழுதுறது எண்டு சொல்லுங்கோ.”

துணைவேந்தர் சொல்லத் தொடங்கினார். “மதிப்பீட்டுக் குழுவிடம் உண்மைக்குப் புறம்பான கருத்தை...”

“சேர், தண்ணி வந்தது எண்டு எழுதவோ?”

நல்ல மனிதர்களில் ஒருவர் உதவிக்கு வந்தார். “அப்பிடி வேண்டாம் பிள்ளை. ‘பல்கலைக்கழகத்துக்கு அவமதிப்பு வரும்படி கதைத்ததற்கு’ எண்டு எழுது.”

அவள் எழுதினாள். பிறகு நிமிர்ந்து, “என்ன கதைச்சனான் எண்டும் எழுதவேணும் என்ன சேர்? இல்லாட்டி வாசிக்கிற ஆக்களுக்கு எதுக்கு மன்னிப்புக் கேட்டனான் எண்டு விளங்காதே” என்றாள். குறும்பு அவள் குரலில் கொஞ்சமும் இல்லை. பிழையில்லாமல் செய்யப் பார்த்தாள், அவ்வளவுதான்.

“எழுது, எழுது” என்றார் அவர்.

அவள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினாள். “மாணவியர் விடுதிக்குத் தண்ணீர் வரவில்லை என்றும், அந்தத் தண்ணீர் முன்வாசல் புல்லுக்கு ஊற்றப்படுகிறது என்றும், நாங்கள் யானை வரும் குளத்தில் குளிக்கிறோம் என்றும் நான் சொன்னதற்காக...”

பேரவையில் ஒரு சட்டத்தரணி இருந்தார். அவர்தான் திடுக்கிட்டு எழும்பினார். “நிப்பாட்டும் பிள்ளை, நிப்பாட்டும்! இது கோப்பில கிடந்தா நாளைக்கு ஆர் கையில போகுமோ? பேரவையே வாங்கி வைச்ச கடிதம் எண்டாகும்.” துணைவேந்தரின் பக்கம் திரும்பி, “சேர், இந்தக் கடிதம் எங்களுக்குத் தேவையில்லை” என்றார்.

இப்படித்தான் சுகந்தி தப்பினாள். நியாயம் என்று யாரும் நினைத்ததால் அல்ல. அவள் சொன்னது பொய் என்று எழுத முடியவில்லை, உண்மை என்று எழுதவிடப் பயம். “சரி சரி, இனிக் கவனமா இருங்கோ. போகலாம்” என்றார் துணைவேந்தர். தாளைக் கிழித்துக் கூடைக்குள் போட்டார்கள்.

கதவடியில் அவள் திரும்பினாள்.

“சேர், ஒருத்தரும் கேக்கேல்லை. தண்ணி இண்டைக்கும் வரேல்லை.”

போய்விட்டாள். மதிப்பீடு முடிந்த பிறகும் புல்லுக்குத்தான் பவுசர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளை சொன்னது சரியா, பிழையா, மன்னிக்கலாமா, தண்டிக்கலாமா என்று இவ்வளவு நேரம் பேசியவர்களில் ஒருவர்கூட, சரி தண்ணீர் வந்துவிட்டதா என்று கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. “அடுத்த விசயம்” என்றார் துணைவேந்தர். அடுத்த விஷயம் வாசலில் அலங்கார வளைவு கட்டுவது. என் பக்கம் சாய்ந்து, “கடைசியாச் சொன்னதை மினிற்ஸ்ல போடவேண்டாம்” என்று மெதுவாகச் சொன்னார்.

நான் கூட்டறிக்கையில் போட்டேன். ‘மாணவியர் விடுதிக்கு இன்றுவரை தண்ணீர் வழங்கப்படவில்லை எனப் பேரவையில் தெரிவிக்கப்பட்டது.’ ஒரே வரி.

அடுத்த மாதக் கூட்டத்தில் அறிக்கையை உறுதிப்படுத்தவேண்டும். அந்த வரியை எடுக்கும்படி துணைவேந்தர் சொன்னார், அப்படி ஒன்றும் பேரவையில் பேசப்படவில்லையாம். நான் எடுக்கமுடியாது என்றேன். பீடாதிபதிகள் மறுபடி ரோல்ஸைப் பார்த்தார்கள். கோடியில் இருந்த ஹாஜியார்தான் வாயைத் திறந்தார். அவர் முல்லைத்தீவு வியாபாரி, வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது துரத்தப்பட்டுப் போய்ப் பல காலத்துக்குப் பிறகு திரும்பி வந்தவர். பேரவையில் அதுவரை அவர் அதிகம் பேசியதில்லை.

“அந்த மகள் சொன்னவ. நான் கேட்டனான்” என்றார். “புத்தளத்தில முகாமில இருக்கேக்க நாங்கள் தண்ணிக்கு வரிசையில நிண்டு சண்டை பிடிச்சிருக்கிறம். தண்ணி இல்லை எண்டு சொன்னதுக்கு அங்க ஒருத்தரும் எங்களைக் கூப்பிட்டு விசாரிக்கேல்லை. இது பல்கலைக்கழகம். அந்த வரி கிடக்கட்டும் சேர்.”

கிடந்தது. உங்களுக்கு இன்னும் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். உறுதிப்படுத்திய அறிக்கையில் ஒரு விஷயம் ஏறிவிட்டால், அது தீர்ந்தது என்று யாராவது சொல்லும்வரை ஒவ்வொரு மாதமும் அதைப் பேரவையில் வாசிக்கவேண்டும். வாசிப்பவர் பதிவாளர். நான் வாசித்தேன். நிறுத்தி, தெளிவாக, ஒவ்வொரு எழுத்தும் கேட்கும்படி வாசித்தேன். தண்ணீர் வழங்கப்படவில்லை. அடுத்த மாதமும் தண்ணீர் வழங்கப்படவில்லை. அவர்களுக்கு வெட்கம் வரவில்லை, ஆனால் என் குரலைச் சகிக்க முடியவில்லை. பருவமழை தொடங்கமுன் பிரதான வீதிவரை வந்திருந்த நீர்வழங்கல் குழாயிலிருந்து விடுதிவரைக்கும் நிலத்தில் கிடங்கு வெட்டிக் குழாய் தாட்டார்கள். கூட்டத்துக்குக் கூட்டம் தள்ளிப்போட்ட சேவை நீடிப்பை எனக்குத் தரவில்லை என்பதையும் அதே காலத்தில் அறிவித்தார்கள்.

குழாய் வந்தால் சும்மா விடுவார்களா? திறப்புவிழா வைத்தார்கள். ஒரு தண்ணீர்க் குழாய்க்கு நாடா, மங்கள விளக்கு, துணைவேந்தரின் பெயர் பொறித்த கல், மாணவர் நலனே எங்கள் பணி என்று ஒரு பதாகை. மண்டபத்தில் பேச்சுகள் தொடங்கின. முன்வரிசைகளில் பிரமுகர்கள், பின்னால் மாணவிகளுக்குப் போட்ட கதிரைகள் எல்லாம் வெறுமை. நன்றியுரை சொல்லச் சுகந்தியின் பெயரைப் போட்டிருந்தார்கள். அவ்வளவு துணிச்சல்! அவளையும் காணவில்லை.

“மேடம், போய் அந்தப் பிள்ளையளை உடனே கூட்டிக்கொண்டு வாங்கோ” என்று துணைவேந்தர் என் காதுக்குள் சீறினார்.

விடுதிக்குப் போனேன். குளியலறைப் பக்கம் வாளிகள் முட்டும் சத்தமும் தண்ணீர் விழும் சத்தமும் பிள்ளைகள் கூச்சல் போட்டுச் சிரிக்கும் சத்தமும் வெளி முற்றம்வரை கேட்டது. நான் வந்ததை யாரோ சொல்லியிருக்கவேண்டும். சுகந்தி தலையில் சவர்க்கார நுரையோடு கதவிடுக்கால் எட்டிப் பார்த்தாள்.

“ஐயோ மேடம், கூப்பிடுறினமோ? இந்தா வாறன், தலையை மட்டும் கழுவிப்போட்டு...”

“ஒருத்தரும் கூப்பிடேல்லை” என்றேன். “அவசரமில்லை, ஆறுதலாக் குளி.”

வெளிக்கதவை நானே சாத்தி, அவர்கள் குளித்து முடியும்வரை அதன் முன்னால் கதிரை போட்டு இருந்தேன்.